ஆடி மாதப் பட்டறை

பேண்டு செட்டுக்காரனுக்கு ஆடி மாதத்தில் இரண்டு வேலை. ஒன்று கடன் வாங்குவது, மற்றது வாத்தியத்தைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவது. கல்யாண முகூர்த்தம் கிடையாது, கையில் காசும் கிடையாது. வைகாசியிலும் ஆனியிலும் தூக்கமில்லாமல் ஊதிய வாத்தியங்கள் அதற்குள் பல்லிளித்திருக்கும். ஒன்றில் அழுத்திய பிஸ்டன் மேலே வராது. ஒன்றில் சிலைடு இறுகிப்போயிருக்கும். ஒன்றின் மேல் யாராவது இருட்டில் வேனுக்குள் ஏறும்போது கால் வைத்திருப்பார்கள். ஆக, பழுதுபார்ப்பவருக்கு வேலை குவிகிற மாதமும் அவருக்குக் கூலி கொடுக்க எங்களுக்கு வக்கில்லாத மாதமும் ஒன்றேதான். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தப் பணம் வந்த பிறகே பாக்கி தீரும். சிலருக்கு அடுத்த ஆடி வரைக்கும் தீராது. இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சகித்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் பக்கத்து பேண்டுகளை ஊத வைத்த ஒரு மனிதரைப் பற்றி எழுத நெடுநாளாக ஆசை.

பெயர் போட வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். "பேரப் போட்டீன்னா ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் என் வாசலுக்கு வரும் தம்பி" என்றார். ஆகவே நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் ட்ரம்பெட் ஊதத் தொடங்கியது எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல் பக்கம் ஒரு பங்குக் கோயில் பேண்டில். எங்கள் மாஸ்டர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பேண்டில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். அந்த நாளில் தென்மாவட்ட பேண்டு மாஸ்டர்கள் பலர் அப்படி ராணுவத்தில் இருந்தோ போலீஸ் பேண்டில் இருந்தோ வந்தவர்கள்தாம். நோட்டு படிக்கத் தெரிந்தவர்கள், ஷூ பாலீஷ் விஷயத்தில் கெடுபிடியானவர்கள். அவர்தான் என்னை முதன்முதலாக மதுரைக்குப் பஸ் ஏற்றி, மாசி வீதிகளுக்குள் ஒரு சந்தில் இருந்த பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

அண்ணன் வீட்டார் பரம்பரையாகப் பித்தளைப் பாத்திர வேலைக்காரர்கள். அண்டா, குடம், தவலை. ஒடுக்கெடுப்பது, ஈயம் பூசுவது. எவர்சில்வர் வந்து அடுப்படியில் உட்கார்ந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அவருடைய அப்பா காலத்தில், பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவர் நசுங்கிய கார்னெட் ஒன்றைக் கொண்டுவந்து, குடத்து ஒடுக்கை எடுப்பவருக்குக் குழாய் ஒடுக்கை எடுக்க முடியாதா என்று கேட்டாராம். எடுக்க முடியவில்லை. குடத்துக்குள் கை போகும், குழாய்க்குள் போகாது. சின்னப் பையனாக இருந்த அண்ணன் லாரிச் சக்கரத்து பேரிங் குண்டுகளைப் பொறுக்கி வந்து, கம்பியில் கோத்து உள்ளே தள்ளிப் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் அவருடைய பெட்டியில் அந்தக் குண்டுகள் இருக்கின்றன. பட்டாணி அளவில் தொடங்கி எலுமிச்சை அளவு வரை, பிற்பாடு லேத்தில் கடைந்தும் அவரே சேர்த்த வரிசை. வெளிநாட்டுப் பட்டறைகளிலும் இதே முறைதான், குண்டுதான். அங்கே அட்டவணை பார்த்து வாங்குகிறார்கள் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அவருக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் அக்கறை கிடையாது.

அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊதுவார். அதிலேயே வாத்தியத்தின் ஜாதகம் தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சிலைடாக, வால்வை அழுத்தாமல் வெடுக்கென்று உருவுவார். உள்ளே காற்று நிற்கிற வாத்தியம் என்றால் சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் சப்பென்று இருந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்ப்பார், அல்லது ஒரு பீடியைப் பற்றவைத்துப் புகையை உள்ளே விடுவார். பற்றாசு விட்டுப்போன இடத்தில் நூல் மாதிரி புகை வரும். பீடி குடிக்கிறவர் இல்லை. அதற்காகவே ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார்.

எனக்குச் சொந்தமாக ஒரு ட்ரம்பெட் வாய்த்தபோது அது மீரட் சரக்கு. இந்திய பேண்டு வாத்தியங்களில் பெரும்பங்கு உத்தரப்பிரதேசத்து மீரட்டில், ஜலி கோத்தி என்ற பேட்டையில்தான் தயாராகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து நடக்கும் தொழில். நல்ல கைவினைஞர்கள் செய்ததும் உண்டு, விலைக்குத் தக்க அவசரத்தில் செய்ததும் உண்டு. என்னுடையது இரண்டாவது ரகம். கல்யாண வீட்டில் இரண்டாவது பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினால் வெண்ணெய் மாதிரி ஓடும். உள்ளூரில் ஒருவர் அரைப்புப் பசை போட்டுப் பிஸ்டனை அரைத்துவிடலாம் என்றார். பலரும் செய்வது அதுதான். அன்றைக்குச் சரியாகும், ஒரு வருஷத்தில் பிஸ்டன் தளர்ந்து காற்றெல்லாம் கசியும்.

அண்ணன் அரைக்கவில்லை. "இங்க மெதுவா ஊதிக் காட்டாத. மாப்பிள்ள அழைப்புக்கு ஊதுற மாதிரி ஊது" என்று சந்தில் நிறுத்திவிட்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திட்டத் திட்ட ஊதினேன். அவர் பிஸ்டனைப் பார்க்கவே இல்லை, என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் ஏற ஏற என் பிடியும் இறுகியது. பிஸ்டனுக்கும் அது ஓடுகிற கூட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி தலைமுடிப் பருமன்கூட இல்லை. கூடு இம்மி நெளிந்தாலும் சிக்கும்.

"பிடிய தளத்து" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். கேட்ட வேலை அதோடு முடிந்தது. ஆனால் என் கை இறுகினால் மட்டும் கூடு ஏன் இத்தனை சுலபமாக நெளிய வேண்டும் என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஊதுவிளக்கைப் பற்றவைத்து, மவுத்பீஸ் குழாயையும், பெல் என்கிற விரிந்த முனையையும் இணைக்கிற குறுக்குக் கட்டையின் பற்றாசை இளக்கினார். இளகியதும் குழாய் படக்கென்று விலகி நின்றது. செய்தவர்கள் அளவு பொருந்தாத குழாயை இழுத்துப் பிடித்துப் பற்றவைத்திருக்கிறார்கள். வாத்தியம் பிறந்ததில் இருந்தே விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அளவாக வேறு கட்டை வெட்டி, எந்த இழுபறியும் இல்லாமல் பற்றவைத்துக் கொடுத்தார். சிக்கல் தீர்ந்ததோடு மேல் ஸ்வரங்கள் தாமாகவே வாயில் வந்து விழுந்தன. அதை நான் கேட்கவும் இல்லை, அதற்கு அவர் காசு வாங்கவும் இல்லை. ஈயத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெற்றிலையைப் பற்றி அவருக்கும் எங்கள் ஆட்களுக்கும் தீராத சண்டை. கல்யாண வீட்டில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வாயைக் கொப்பளிக்காமல் ஊத வந்துவிடுவோம். எல்லாம் மவுத்பீஸ் குழாய்க்குள் போய்ப் படியும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் பத்துக்கு ஏழு பங்கு செம்பு, மூன்று பங்கு துத்தநாகம். எச்சிலும் அழுக்கும் சேர்ந்து நாள்பட்டால் துத்தநாகம் மட்டும் அரித்துப்போய்ச் செம்பு சல்லடையாக நிற்கும். வெளியே முதலில் தெரிவது இளஞ்சிவப்பாய் ஒரு பொட்டு. அதைப் பார்த்தாரென்றால் அண்ணனுக்குக் கோபம் வரும். எங்கள் வீடுகளில் வாத்தியத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வழக்கம். வெளியே தேய்த்தால் பொறுத்துக்கொள்வார். புளித் தண்ணீரை ஊற்றி உள்ளே குலுக்கினேன் என்று ஒருவன் பெருமையாகச் சொன்ன அன்றைக்கு அவனுடைய வாத்தியத்தைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் தொட்டார்.

இனி யூஃபோனியம் கதை. எங்கள் மாஸ்டரிடம் லண்டன் பூஸி அண்ட் ஹாக்ஸ் கம்பெனியின் யூஃபோனியம் ஒன்று இருந்தது; கீழ்ச் சுருதியில் பேசுகிற பெரிய பித்தளை வாத்தியம். ராணுவம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்த யாரிடமோ இருந்து அவர் கைக்கு வந்தது. நான்கு வால்வு வைத்த, தானாகவே சுருதி சரிசெய்கிற வகை. வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியே சுற்றிப்போகும், ஸ்வரம் இறங்கும். நாலாவது வால்வை அழுத்தியதும் மொத்த வாத்தியமும் மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடுகிறது. அப்போது முதல் வால்வின் குழாய் அந்த நீளத்துக்குப் போதாது, சுருதி தூக்கும். பூஸியில் இருந்த டேவிட் பிளேக்லி 1874இல் இதற்கு வழி கண்டுபிடித்தார். நாலாவது வால்வைத் தாண்டிய காற்றைத் திரும்ப மற்ற வால்வுகளுக்குள்ளேயே அனுப்பி, பின்பக்கம் இருக்கும் குட்டிக் குழாய்களில் இன்னொரு சுற்றுச் சுற்ற வைத்தார். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் அந்தக் குட்டிக் குழாய்கள் கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டவை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு தேர்பவனி முடிந்து திரும்பும்போது அந்த யூஃபோனியம் வேன் கூரையில் இருந்து ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த வண்டி பெல்லின் மேல் ஏறிவிட்டது. பெல் அப்பளமாகிவிட்டது. மாஸ்டர் அழவில்லை, பேசவும் இல்லை. பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டால் இவ்வளவு வரும் என்று ஒருவர் அங்கேயே கணக்குச் சொன்னார். நாங்கள் சாக்கில் கட்டி மதுரைக்குக் கொண்டுபோனோம்.

பித்தளையைத் தட்டத் தட்ட அது இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் விரிசல் விடும். ஆகவே பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, இளகிய பதத்தில் கொஞ்சம் தட்ட வேண்டும். மறுபடி காய்ச்ச வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் பெல் செத்துப்போகும், பிறகு அதில் நாதம் வராது என்பார். இரும்பு உருளையில் பெல்லை மாட்டி, சுத்தியைக் கூடியவரை தொடாமல், வழவழப்பான எஃகுக் கம்பியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தே மடிப்புகளை எடுத்தார். ஆடி முழுக்க அந்த வேலைதான் நடந்தது. நடுவில் நான் போய்ப் பார்த்தபோது, பெல்லில் செதுக்கியிருந்த எழுத்துகளின் மேல் ஒரு துணியை ஒட்டி வைத்திருந்தார். பாலீஷ் சக்கரம் அதில் படக் கூடாதாம். சக்கரம் ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கொஞ்சம் தின்னும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு எழுத்தே அழிந்த வாத்தியங்களை எனக்குக் காட்டியிருக்கிறார்.

பெல் முடிந்தது. மாஸ்டர் வந்து வாங்கிக்கொள்ளத் தயார். அண்ணன் கொடுக்கவில்லை. "கீழ ஒரு சொரத்துல இருமுது. அது வண்டி ஏறுனதால வந்ததில்ல, பழசு" என்றார். மாஸ்டருக்கு அது தெரியும். நாலாவதையும் முதலாவதையும் சேர்த்து அழுத்துகிற கீழ் ஸ்வரம் அந்த வாத்தியத்தில் எப்போதுமே மூச்சடைத்துத்தான் வரும். வாத்தியத்தின் குணம் அது என்று வைத்துக்கொண்டு, அந்த ஸ்வரம் வருகிற இடங்களில் எல்லாம் மேலே ஏற்றி வாசித்துச் சமாளித்துவந்தார். நாலாவதை மட்டும் அழுத்தினால் சரியாக இருக்கிறது, முதலாவதை மட்டும் அழுத்தினாலும் சரியாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் அடைக்கிறது. அப்படியென்றால் இரண்டும் சேரும்போது மட்டும் காற்று போகிற இடம் எது? முதல் வால்வின் பின்னால் இருக்கும் அந்தக் குட்டிக் குழாய். வாத்தியம் வாசிக்காத மனிதர் காதால் கேட்டு இந்த இடத்துக்கு வந்து நின்றார்.

குழாயின் பற்றாசை இளக்கிக் கழற்றித் தட்டினார். உள்ளிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது. குளவிக்கூடு. எந்தக் காலத்திலோ பிஸ்டன்களைக் கழற்றி எங்கோ கிடப்பில் போட்டிருந்தபோது குளவி உள்ளே போய்க் கட்டியிருக்க வேண்டும், பிஸ்டன் மாட்டியிருந்தால் அந்தக் குழாய்க்கு வழியே கிடையாது என்று விளக்கினார். மாஸ்டர் அந்த மண்ணை ஒரு தாளில் மடித்து வாங்கிக்கொண்டார். பிறகு பட்டறை வாசல் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஸ்வரத்தை ஊதினார். வாழ்நாளில் பாதியை அதை ஒதுக்கியே கழித்த மனிதர், அன்றைக்கு அதை விடவே இல்லை. டீ ஆறிப்போயிற்று.

கூலி கேட்டதற்கு பெல்லுக்கு ஒரு தொகை சொன்னார். குளவிக்கு? "குளவிய நீங்களா கொண்டாந்தீங்க?" என்றார்.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறத் தொடங்கியது. சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் ட்ரம்பெட், ட்ராம்போன் வரிசைகள் உட்கார்ந்த இடத்தைக் கீபோர்டு பிடித்துக்கொண்டது. அங்கே வாசித்தவர்கள் சிலர் ஊர் திரும்பிக் கல்யாணங்களுக்கு ஊத வந்தார்கள். அவர்களோடு உசத்தியான வாத்தியங்களும் வந்தன. யமஹா, பாக் கம்பெனி வாத்தியங்களை அண்ணன் அப்போதுதான் தொட்டுப் பார்த்தார். ஒரு யமஹா பிஸ்டனைக் கையில் வைத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இத ரிப்பேர் பண்ண ஒண்ணுமில்ல தம்பி, துடைச்சுக் குடுத்தாப் போதும்" என்று சற்று ஏமாற்றத்தோடு சொன்னார். கல்யாணங்களிலும் எங்கள் இடம் சுருங்கியது. செண்டை மேளம் வந்தது, நாசிக் டோல் வந்தது, டிஜே வந்தது. கோயில் திருவிழாவும் சாவு வீடும் மட்டும் எங்களைக் கைவிடவில்லை. புதிதாக வரும் பையன்கள் வாங்குவது வெளிநாட்டில் இருந்து இறங்குகிற மலிவு வாத்தியம். பிஸ்டன் ஒன்று கெட்டால் மாற்றுக் கிடைக்காது, அதே கம்பெனியின் அடுத்த வாத்தியத்தில் அளவு வேறு. அவற்றையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. பையன்கள் மவுத்பீஸை அடித்துச் செருகிவிட்டு, வராமல் போனதும் கொறடு போட்டுத் திருகிக் குழாயையே முறுக்கிக்கொண்டு வருவார்கள். மவுத்பீஸ் உருவுவதற்கென்று இரண்டு திருகாணி வைத்து ஒரு கருவியை அவரே செய்து வைத்திருக்கிறார். அதற்குக் காசு கிடையாது; கொறடு போட்டதற்கு ஒரு வசவு உண்டு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் போயிற்று. திருவிழா இல்லை, சாவுக்குக்கூட ஊர்வலம் இல்லை. எங்கள் ஆட்கள் காய்கறி வண்டி தள்ளினார்கள், பெயின்ட் அடிக்கப் போனார்கள். ஒரு நாள் அண்ணனிடம் இருந்து போன். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். "ஊதலைன்னு மூலைல போட்றாத. சிலைட எல்லாம் உருவி வாசலின் தடவு. பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டு வாரம் ஒருதரம் அழுத்திவிடு. தேங்காயெண்ணெய் விட்றாதீங்கடா, ஒட்டிக்கிரும்" என்றார். பட்டறை நோட்டில் இருந்த எல்லா நம்பருக்கும் இப்படிப் போட்டிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. அந்த நோட்டு, பாக்கி வைத்தவர்கள் பட்டியல் எழுதிய நோட்டு. பாக்கியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த வருஷம் சிலர் வாத்தியத்தை அவரிடமே விற்கப் போனார்கள். வேறு யார் வாங்குவார்கள்? எடை விலைக்குப் பித்தளைக்காரன்தான் வாங்குவான். அவர் பித்தளை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்து வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி மாடியில் தொங்கவிட்டார். கல்யாணங்கள் திரும்பியதும் ஒவ்வொருவரும் கொடுத்த அதே தொகையைக் கட்டி மீட்டுக்கொண்டார்கள். வட்டி இல்லை. போதாததற்கு, தொங்கிய காலத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துக் கழுவி, தக்கையும் ஃபெல்ட்டும் மாற்றி வைத்திருந்தார். "சும்மா தொங்குனா பாக்கச் சகிக்கல" என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம். அவருக்கே அந்த நாளில் வருமானம் எங்கே இருந்து வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அவர் மனைவியின் வளையல்கள் அடகில் இருந்ததை அவர் மருமகன் சொல்லித்தான் அறிந்தோம்.

மருமகன் லேத் வேலை தெரிந்தவர். இப்போது பட்டறையை அவர்தான் பார்க்கிறார். அண்ணனுக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. நுணுக்கமான பற்றவைப்பை மருமகனிடம் விட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அந்த ஒரு ஸ்வரத்தை ஊதிக் கோளாறு சொல்வதோடு சரி. மருமகன் வந்ததும் முதலில் செய்தது பில் புத்தகம் அடித்தது. பிஸ்டன் வேலைக்கு இவ்வளவு, ஒடுக்குக்கு இவ்வளவு, முன்பணம் பாதி. எங்கள் ஆட்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. அண்ணன் காலத்தில் இப்படியா என்று சந்து முனை டீக்கடையில் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அந்தப் பில் புத்தகத்தைப் பிடித்திருக்கிறது. பெரிய மனசுக்காரர் என்று அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே முப்பது வருஷம் அவருடைய வேலைக்கு நாங்கள் அரை விலை கொடுத்திருக்கிறோம். போன மாதம் எங்கள் செட்டின் வாத்தியங்களுக்குப் பில் வந்தது. எங்கள் பொருளாளர் பழக்கதோஷத்தில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் போன் போட்டார். நான் அவர் கையில் இருந்து போனை வாங்கி, முழுத்தொகையையும் அன்றைக்கே அனுப்பிவைக்கிறோம் என்று மருமகனிடம் சொன்னேன். பின்னால் இருந்து அண்ணன் குரல் கேட்டது: "யாரு, திண்டுக்கல் தம்பியா? அந்த செகண்ட் ட்ரம்பெட்காரன் இன்னும் வெத்தல போடுறான், குழாய்ல தெரியுது, சொல்லி வை."